நிலைக்கதவின் ஆயுள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து போகிறவர்கள், ஒரு காலத்தில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நின்றிருந்த நிலைகளும் கதவுகளும், தூண்களும், தூண்களின் தலையில் அமர்ந்திருந்த போதிகைகளும் கடைவாசல்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். சென்ற தை மாதத்தில், புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவருக்குத் துணையாக நானும் அங்கே போயிருந்தேன். உடன் வந்திருந்த ஆசாரி அறுபது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். ஆளுயரத்துக்கு மேலும் ஒரு முழம் நின்ற தேக்கு நிலை ஒன்றை அவர் சுற்றிச் சுற்றி வந்தார்; விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்; பிறகு, சுவருக்குள் புதைந்திருந்தபடியால் சுண்ணாம்பும் அழுக்கும் படிந்து கறுத்துக் கிடந்த பின்பக்கத்தில், ஒருவர் கண்ணிலும் படாத மூலையாகத் தேர்ந்து, பையிலிருந்து இழைப்புளியை எடுத்து இரண்டு இழுப்பு இழைத்தார். சுருள் ஒன்று கழன்று கீழே விழுந்தது. அந்தக் கறுப்புக்கு அடியில், நேற்று அறுத்த பலகையைப் போலப் பொன்னிறமாக மரம் தெரிந்தது. தேக்குக்கே உரிய அந்தத் தோல் வாசனை எங்கள் மூவரின் நாசியையும் எட்டியது.

"எண்ணெய் இன்னும் வத்தலை பாருங்கய்யா. இது இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார் ஆசாரி.

அந்தச் சுருளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. அந்தக் கரி மண்ணிலிருந்து வந்ததன்று; பர்மாவின் மலைச்சரிவில் யாரும் நடாமல் தானே முளைத்து நூறு மழைக்காலங்களைக் கண்ட ஒரு மரம், தன் இலைகளால் காற்றிலிருந்து வாங்கிய கரியமில வாயுவை வெயிலின் துணைகொண்டு தன் மேனியாக மாற்றி வைத்துக்கொண்டது. ஒரு கிலோ கரி எரிந்து மீண்டும் காற்றில் கலக்குமானால் 3.67 கிலோ கரியமில வாயுவாகும். ஒரு கன அடித் தேக்கு சுமார் 18 கிலோ எடை உள்ளது. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் அதில் 8 கிலோ கரி இருக்கும். அதாவது 30 கிலோ கரியமில வாயு. ஆசாரி அளந்து சொன்னபடி அந்த நிலையும் அதன் இரட்டைக் கதவும் சேர்ந்து 10 கன அடி. ஆகவே, 130 லிட்டர் பெட்ரோலை எரித்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகுமோ அவ்வளவையும், ஏறத்தாழ 300 கிலோவை, அந்த ஒரு வாசல் மூன்று தலைமுறையாகத் தனக்குள் அடக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மரம் காற்றைச் சுத்தி செய்கிறது; ஆகையால் மரச்சாமான் வாங்குவது பூமிக்குச் செய்யும் உபகாரம் என்று இந்நாளில் விளம்பரங்கள் சொல்லுகின்றன; படித்தவர்களும் அதையே திருப்பிச் சொல்லுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மரம் காற்றிடமிருந்து பெற்றது தானமன்று, கடன். கடன் என்றால், வாங்கிய நாள் எது, திருப்பித் தரும் நாள் எது, இடையிலே எத்தனை வருஷம், வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஆன செலவு எவ்வளவு என்று கேட்காமல் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இயலாது. ரங்கூனிலும் மோல்மீனிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் தங்கள் பேரேட்டில் பற்றையும் வரவையும் தேதி போட்டு எழுதினார்களே, அந்தச் சிரத்தையோடு ஒரு மரத்துண்டின் கணக்கை விதையிலிருந்து சாம்பல் வரையில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். அப்படி எழுதிப் பார்த்தால், எந்த மரம் என்பதைக் காட்டிலும், எத்தனை வருஷம் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அந்த நிலையின் பூர்வ கதையை எடுத்துக்கொள்வோம். பர்மாத் தேக்கு அந்நாளில் ராஜ்யங்களையே ஆட்டி வைத்த பொருள். பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி வெட்டிய மரங்களுக்காக மாண்டலேயின் அரசவை விதித்த அபராதமே 1885ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் தொடுத்த யுத்தத்துக்கு முகாந்திரமாகி, தீபா மன்னர் சிம்மாசனம் இழந்து ரத்தினகிரிக்குப் போய்ச் சேர நேர்ந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால், வெட்டவேண்டிய மரத்தின் அடியில் பட்டையையும் அதை அடுத்த வெளிறையும் வளையமாகச் செதுக்கி, உள்ளிருக்கும் வைரம் வரையில் வெட்டுப் போட்டு, இரண்டு மூன்று வருஷம் நின்ற நிலையிலேயே காய விடுவார்கள். காய்ந்தபின் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்துவந்து, மழைவெள்ளம் வரும்வரை காத்திருந்து, ஐராவதி நதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள். வெட்டுப் போட்ட நாளிலிருந்து ரம்பத்துக்கு வந்து சேரப் பல வருஷங்கள் ஆகும். ரங்கூனின் நீராவி ரம்பங்களுக்கும், சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்த கப்பலுக்கும் தவிர, அந்த நெடும் பிரயாணத்தில் எரிபொருள் என்று பெரும்பாலும் ஒன்றும் செலவாகவில்லை. மாட்டுவண்டி ஏறி வீட்டு வாசலுக்கு வந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. யானை இழுத்து நதி சுமந்த மரமாயினும், காட்டில் இருந்த மரம் முழுவதும் வாசலாகிவிடவில்லை. கிளையும் கொம்பும் வேரும் வெட்டிய இடத்திலேயே கிடந்து மக்கின. அடிமரம் ரம்பத்துக்கு வந்தபோது பக்கச் சீவலும் மரத்தூளுமாக ஏறத்தாழப் பாதி போயிற்று. முழு மரத்தின் கரியில் மூன்றில் ஒரு பங்கு கதவாக நின்றிருந்தாலே அதிகம். மற்றதெல்லாம் சில வருஷங்களுக்குள் காற்றுக்குத் திரும்பிவிட்டது. வெட்டிய இடத்தில் மறுபடியும் அதே பருமனில் ஒரு மரம் நின்றால்தான், வெட்டியவர்கள் காற்றுக்குப் பட்ட கடன் அடைந்தது என்று அர்த்தம். பர்மாக் காடுகளில் அப்படி நடக்கவில்லை. உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்நாடு நிறுத்தவேண்டி வந்தது. நம்முடைய சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலபாரில், கலெக்டர் கானொலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். இயற்கைக் காடு தீர்ந்துவருகிறது என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அதே நிலம்பூரின் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் அழிவதைக் காணப் பொறாமல் 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி பிறந்த உத்தரவு நாடெங்கும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. அது மகத்தான காரியம். அதனால் பிழைத்த காடுகள் பல. ஆனால் நம்முடைய மர ஆசை அந்த உத்தரவினால் குறையவில்லை. கடல் கடந்து போயிற்று. இன்று நம்முடைய மரவாடிகளில் கிடக்கும் தேக்கில் கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் வருவது ஏராளம். கப்பலில் ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் பிரயாணம் செய்வதற்கு 10 முதல் 15 கிராம் கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், கானாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் தூத்துக்குடி வந்து சேரும் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டருக்கு, ஒரு டன் கட்டைக்கு 130 முதல் 200 கிலோ ஆகிறது. அந்தக் கட்டையில் பாதி ரம்பத்தில் தூளாகப் போவதால், கதவாக நிற்கும் ஒவ்வொரு டன்னின் தலையிலும் அந்தச் செலவு இரட்டிப்பாக ஏறுகிறது. அத்துடன், இருபது வருஷத்துக்குள் வெட்டிய தோட்டத் தேக்கில் வைரம் மெல்லிதாகவும் வெளிறு அதிகமாகவும் இருக்கிறது. வெளிறு கறையானுக்கு விருந்து. பாட்டனார் நட்டுவிட்டுப் போன வாசலைப் பேரன் மாற்ற வேண்டியதில்லை என்றிருந்த காலம் போய், தகப்பனார் வைத்த வாசலை மகன் மாற்றும் காலம் வருகிறது.

மரம் வெட்டினாலும் முளைத்துவிடும், ஆகையால் அதன் கணக்கு பூஜ்யம் என்று பொதுவாக எழுதுகிற வழக்கத்தை விஞ்ஞானிகளே இப்போது ஆட்சேபிக்கிறார்கள். 2023இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, 2010 முதல் 2050 வரையிலான காலத்தில் உலகம் முழுவதும் மரம் வெட்டுவதனால் உண்டாகும் பாரம் ஆண்டுக்கு 350 கோடியிலிருந்து 420 கோடி டன் கரியமில வாயு என்று மதிப்பிட்டது. மறுபடியும் முளைக்கும் மரம் அந்தக் கடனை அடைக்க எடுத்துக்கொள்ளும் வருஷங்களையும் கணக்கில் சேர்த்ததுதான் அந்த ஆராய்ச்சியின் விசேஷம். அறுபது வருஷத்தில் அடையும் கடனுக்கு அறுபது வருஷமும் காற்று சூடேறிக்கொண்டுதானே இருக்கும்?

ஆனால் இதை எல்லா மரத்துக்கும் ஒரே அளவாகச் சொல்வது நியாயமாகாது. கடலூர், விழுப்புரம், செங்கற்பட்டுப் பக்கங்களில் மணற்பாங்கான பட்டா நிலங்களில் உழவர்கள் சவுக்கு வைக்கிறார்கள். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டி மறுபடியும் வைக்கிறார்கள். அது காட்டை அழித்து வந்த மரமன்று. அதன் கடன் அடுத்த நடவிலேயே அடைந்துவிடுகிறது. கட்டட வேலையில் முட்டுக்கொடுக்கும் கம்பமாக ஐந்தாறு கட்டடங்களைக் கண்டபிறகு அது விறகாகப் போகும்போது, நிலக்கரிக்கோ சமையல் எரிவாயுவுக்கோ பதிலாக எரிவதால், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறுகிய ஆயுளுள்ள பொருளுக்குக் குறுகிய காலத்தில் வளரும் மரம் பொருத்தமானது. நூறு வருஷம் வளர்ந்த மரத்தை ஐந்து வருஷச் சாமானாக்குவதும், ஐந்து வருஷச் சாமானுக்காகக் காட்டைக் கரைப்பதும்தான் பாவம்.

பருவநிலை மாற்றத்தை ஆராயும் சர்வதேச விஞ்ஞானிகள் குழு, நாடுகள் தங்கள் மரப்பொருள்களின் கரியைக் கணக்கிடுவதற்கு ஒரு வாய்பாடு கொடுத்திருக்கிறது. உபயோகத்தில் உள்ள மரப்பொருளில் பாதி கழிந்து போக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால், அறுத்த மரத்துக்கு 35 வருஷம், ஒட்டிச் செய்யும் பலகை வகைகளுக்கு 25 வருஷம், காகிதத்துக்கு 2 வருஷம் என்று அது சொல்லுகிறது. உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் சொன்ன சராசரி இது. நம்முடைய ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் கண்டவர்கள், பலகை வகைகளுக்கு 25 வருஷம் என்பதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்தி, மேலே மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டிக் கடைகளில் விற்கும் அலமாரி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் அதன் அடிப்பலகை ஊறி உப்பிற்று. ஐந்தாவது வருஷம் கீல் பிடித்திருந்த திருகு, பிடிமானமின்றித் தானே கழன்று கையோடு வந்தது. ஆசாரி பார்த்துவிட்டு, மறுபடி திருகு ஏற்ற இதில் மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பழைய மரம் வாங்குகிறவர் அதைத் தொடவே மறுத்துவிட்டார். யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பசையில் ஊறிய அந்தப் பலகையை அடுப்பில் வைக்கவும் கூடாது. முடிவில் அது குப்பை வண்டியில்தான் போயிற்று. அத்தகைய பலகையைக் கண்டுபிடித்தவர்களின் நோக்கம் நல்லது: ரம்பத்தூளும் கரும்புச் சக்கையும் வீணாகாமல் உபயோகமாக வேண்டும் என்பது. ஆனால் யூரியா இயற்கை வாயுவிலிருந்து வருகிறது; அழுத்துவதற்கும் உலர்த்துவதற்கும் வெப்பம் வேண்டும்; இவ்வளவு செலவும் ஐந்து வருஷத்துக்கு என்றால், பழுதுபார்க்க முடியாத சாமானை மரச்சாமான் என்ற பெயரால் அழைப்பதே எனக்குச் சம்மதமில்லை.

மரத்துக்குப் பதிலாக இரும்பும் சிமெண்டும் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்யும்போது, எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறுகிறது. ஒரு டன் சிமெண்டுக்கு அறுநூறு எழுநூறு கிலோவுக்குக் குறையாமல் ஆகிறது. தாதுவை உருக்கிச் செய்யும் இரும்புக்கு ஒரு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல். ஆகவே நெடுநாள் நிற்கும் மரம் இவற்றின் இடத்தைப் பிடிக்குமானால் லாபம் என்பதில் சந்தேகமில்லை. இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முழுவதும் கான்கிரீட்டில் கட்டிய வீட்டின் சுவர்மேல் அலங்காரத்துக்காக மரத்தகடு ஒட்டுவதனால் ஒரு மூட்டைச் சிமெண்டும் மிச்சமாவதில்லை.

இனி, கணக்கின் கடைசிப் பக்கம். இதைத்தான் நாம் ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் பகுதியில், ஓடு வேய்ந்த பழைய பொதுக் கட்டடம் ஒன்றை இடித்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. உத்தரங்களும் கைமரங்களும் முற்றிய தேக்கு. சில இடங்களில் வேங்கை. ஏலத்தில் எடுத்தவர் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே பகலில் சரித்தார். முப்பதடி நீளத்தில் நின்ற உத்தரம், இரும்புக் கையின் ஓர் உதையில் நடுவில் முறிந்து தும்பாகப் பிளந்தது. ஆள் ஏற்றிக் கயிறு கட்டி இறக்கியிருந்தால் நான்கு நாள் ஆகியிருக்கும்; கூலி ஆகியிருக்கும். முறிந்த மரம் எடைபோட்டு விறகாகச் செங்கற்சூளைக்குப் போயிற்று. நூறு வருஷம் வளர்ந்து, இன்னொரு நூறு வருஷம் கட்டடமாக நின்று, மேலும் நூறு வருஷம் நிற்கக்கூடிய மரத்தின் கரியெல்லாம் ஒரே வாரத்தில் புகையாயிற்று. அதே கட்டடத்தின் இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்துக்குக் கதவு செய்ய வெளிநாட்டு மரம் வந்து இறங்கியதையும் பார்த்தேன். அந்த வருத்தம் இன்றளவும் ஆறவில்லை.

விறகாக எரியாமல் குப்பைமேட்டுக்குப் போனால் நல்லதா என்றால், அதுவும் இல்லை. கொடுங்கையூர், பெருங்குடி போன்ற மேடுகளில் காற்றுப் புகாத ஆழத்தில் காகிதமும் அட்டையும் மக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கட்டி மரம் அவ்வளவு சீக்கிரம் மக்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் நல்ல மரத்தைப் புதைத்து வைப்பதற்காகவா வெட்டினோம்?

பழைய மரத்தை மறுபடி உபயோகிப்பதில் உள்ள கஷ்டங்களை நான் அறியாதவனல்லன். ஆணி இருக்கும், ரம்பத்தின் பல் போகும். அளவு ஒத்து வராது. புதுவீட்டு வாசலைப் பழைய நிலைக்குத் தக்கபடி மாற்றிப் போட வேண்டியிருக்கும். கறையான் தின்ற உள்ளீட்டை வெளியிலிருந்து கண்டுபிடிக்கத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. பழம்பொருள் என்று பெயர் வந்துவிட்டால் விலை ஏறி, சாமானியனுக்கு எட்டாமல் எங்கோ ஒரு விடுதியின் முகப்புக்குப் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்க முடியாமல் பூட்டிக் கிடந்து, பிறகு கழற்றி விற்கப்படும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கும்போது, இந்த வியாபாரம் பெருகட்டும் என்று வாழ்த்த நா எழவில்லை. வீடு வீடாகவே நிற்பதுதான் முதல் தரம். நின்ற வீட்டின் மரத்துக்குக் கூலியும் இல்லை, வண்டிச் சத்தமும் இல்லை. நிற்க முடியாதபோது, வாசல் வாசலாகவே வேறொரு வீட்டுக்குப் போவது இரண்டாந்தரம். வாசலாக உதவாதது ஜன்னலாகவும், ஜன்னலாக உதவாதது முக்காலியாகவும், அதுவும் உதவாதபோது கடைசியாக விறகாகவும் போகட்டும். நம் பாட்டிமார் கிழிந்த புடவையைத் தொட்டில் துணியாக்கி, தொட்டில் துணியைக் கரித்துணியாக்கிய முறைதான் இது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை சிறியவை. பொதுக் கட்டடங்களை இடிக்க ஏலம் விடும்போது, மரவேலைகளை முதலில் கழற்றி எடுத்த பிறகே இயந்திரம் உள்ளே வரலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்கலாம். அதற்கான நான்கு நாள் அவகாசத்தையும் கூலியையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம். புதுக் கட்டடங்களுக்கு மரம் வாங்கும்போது, தகுதியுள்ள பழைய மரத்தை ஒப்புக்கொள்ளத் தடையிருந்தால் அதை நீக்கலாம். அலுவலகங்களில் ஒரு கால் ஆடுகிறது என்பதற்காகக் கழித்துக் கட்டி வராந்தாவில் குவித்து மழையில் நனைய விடும் தேக்கு மேஜை நாற்காலிகளைப் பழுதுபார்க்க, ஜில்லாவுக்கு ஒரு தச்சுப் பட்டறை வைத்தாலும் தகும். மேட்டுப்பாளையத்து வனக் கல்லூரியிலும் கோயம்புத்தூர் வன மரபியல் நிலையத்திலும் மரம் சீக்கிரம் வளர்வதற்காக நல்ல ஆராய்ச்சிகள் நடக்கின்றன. வளர்ந்த மரம் நீண்டநாள் நிற்பதற்கும் அதே அளவு சிரத்தை வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. பழைய வீட்டை இடிக்க நாள் குறித்திருக்கிறவர்கள், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஓர் ஆசாரியை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துவந்து, நிலையின் பின்பக்கத்தை ஒரு தடவை இழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.